நீ எழுதிய பதினைந்து நிமிடம்

மேகலா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் பாதியில் வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று உன் அம்மா உன்னிடம் சமாளித்திருக்கிறாள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நீ படித்த பல்கலைக்கழகத்தில் புத்தாக்க மையத்துக்குப் புதுக் கட்டடம் திறக்கிறார்கள், நீ மேடையில் பேசுகிறாய், நானும் அம்மாவும் முன்வரிசையில் உட்கார வேண்டும், எனக்குச் சால்வை போடுவார்கள் என்று நீ சொல்லிக்கொண்டே போனாய். சால்வை என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. நேரில் பேசினால் நான் கத்துவேன். கத்தினால் நீ அழுவாய். நீ அழுதால் நான் வாயை மூடிக்கொள்வேன். நீ பிறந்த நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் எங்கள் ஓட்டுநர் சங்கத்தின் மாத இதழிலும் வரப்போகிறது. ஒரு படி உனக்கு, ஒரு படி இதழுக்கு. நம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடிக்கிற விஷயமாக இருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டேன்.

நீ அனுப்பிய அழைப்பிதழைப் பார்த்தேன். அதில் என் படம் இருக்கிறது. காக்கிச் சட்டையோடு டிரெய்லர் லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். அது நீ எடுத்த படம். அதன் கீழே, ஓட்டுநரின் மகள் நாட்டின் பொருளாதாரத்தை நகர்த்துகிறாள் என்று போட்டிருக்கிறார்கள். படைப்பாற்றலும் தொழில்நுட்பமும் கைகோத்தால் திருவொற்றியூரில் ஒரு சாதாரணக் குடும்பம் எப்படி முன்னேறும் என்பதற்கு நான் சாட்சியாம். என்னை யாரும் கேட்கவில்லை. சாட்சி என்று போட்டுவிட்டார்கள் அல்லவா, அப்படியானால் சொல்லிவிடுகிறேன்.

நீ மூன்றாம் வருஷம் படிக்கும்போது எனக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். தண்ணீரே குடிக்க மாட்டீர்களா என்று டாக்டர் திட்டிவிட்டுப் போன பிறகு, கட்டிலோரம் உட்கார்ந்திருந்த நீ, "ஏன் நைனா குடிக்கல?" என்று கேட்டாய். "குடிச்சா எறங்கணும். எறங்கினா லைன் பூடும்," என்றேன். "பூட்டா?" "பூட்டா மறுபடி கடசிலேர்ந்து வரணும்." எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் யார்டுக்கு வெளியே வண்டிகள் நிற்கும் வரிசையை நீ அதுவரை பஸ் ஜன்னலிலிருந்து மட்டும்தான் பார்த்திருந்தாய். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மதில், நடுவில் நாங்கள். பகல் முழுக்க அரை அரை அடியாக நகர்வோம். அங்கே கழிப்பறை கிடையாது. கேபினுக்குள் பாட்டில் வைத்துக்கொண்டு நாங்கள் எப்படி ஒப்பேற்றுகிறோம் என்பதை வயதுக்கு வந்த மகளிடம் சொல்லக் கூசிக்கொண்டே சொன்னேன். நீ முகம் சுளிக்கவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்தாய். அந்த நிமிஷத்தில் எனக்கு உன்மேல் வந்த பெருமை இன்றைக்கும் குறையவில்லை. என் கோபம் இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

அதன் பிறகு ஆறேழு சனிக்கிழமைகள் என்னோடு கேபினில் ஏறி உட்கார்ந்தாய். கேட்டுக்குள் வண்டி போகப் போகக் குறித்துக்கொண்டே இருந்தாய். ஓட்டுநர்களில் பாதிப் பேர் கையில் இருப்பது பட்டன் போன் என்று பார்த்து, அதற்குத் தகுந்தாற்போல் ஒன்றைச் செய்தாய். வரிசையில் வந்து சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால். கேட்டுக்குள் நுழையும்போது இன்னொரு மிஸ்டு கால். அவ்வளவுதான் நாங்கள் செய்ய வேண்டியது. யார் முன்னால், யார் பின்னால் என்பதை உன் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். வண்டியை ஓரமாக மைதானத்தில் போட்டுவிட்டுப் போகலாம். முறை நெருங்கும்போது போன் வரும். அதற்கு நீயே குரல் கொடுத்தாய். குக்கர் சத்தம் விழுகிறது என்று பீரோவுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு பதிவு செய்தாய். "அண்ணே, ஒங்களுக்கு முன்னால இருவது வண்டிதான் கீது. சாப்ட்டு முட்ச்சிட்டு மெதுவா வாங்க." எங்களில் இருக்கும் பீகார்க்கார ஓட்டுநர்களுக்கு அதையே இந்தியில் சொல்ல ஒருவரைப் பிடித்து எழுதி வாங்கிப் பழகினாய். அதற்கு 'வரிசை' என்று பெயர் வைத்தாய்.

முதலில் யாரும் போன் நம்பர் தரவில்லை. போலீசுக்குப் போகும், முதலாளிக்குப் போகும் என்று பயந்தார்கள். ஜோசப் அண்ணன்தான் முதலில் தந்தார். காசிமேட்டுக்காரர், எங்களில் மூத்தவர், சர்க்கரை நோயாளி, வேளைக்குச் சாப்பிட்டே ஆக வேண்டியவர். "நம்ம பொண்ணுடா கேக்குது, குட்ங்கடா," என்று ஒவ்வொரு கேபினாக ஏறி இறங்கினார். நானும் கூடவே போனேன். என் மகள் என்று சொல்லித்தான் வாங்கினேன். அறுபது எழுபது பேர் கொடுத்தார்கள்.

நாலு மாதம் ஓடியது. அந்த நாலு மாதத்தில் ஒரு நாள் வண்டியைப் போட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த உன் அம்மா, எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனாள். இருபத்தேழு வருஷத்தில் வேலை நாளில் நான் பகலில் அவள் கையால் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. இதைத்தான் நான் பொருளாதார வளர்ச்சி என்று சொல்வேன். உன் டைரக்டரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்.

அவர் நம் வீட்டுக்கு வந்தது உனக்கு நன்றாக நினைவிருக்கும். புத்தாக்க மையத்தின் டைரக்டர். தெருவுக்குள் கார் நுழையாமல் டோல்கேட் பக்கமே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். உன் அம்மா போட்ட காபியைப் பாராட்டினார். "ஸ்டூடண்ட்ஸ் மண்டைக்குள்ள இருக்கறதுதான் சார் இனிமே நாட்டோட மூலதனம். அத வெளிய எடுத்து மார்க்கெட்டுக்குக் கொண்டுபோறதுதான் யூனிவர்சிட்டியோட வேலை," என்றார். எனக்குப் புல்லரித்தது. அப்புறம் ஆங்கிலத்தில் ஏழெட்டுப் பக்கம் எடுத்து வைத்தார். கல்லூரி ஆய்வகத்தில் செய்ததால் 'வரிசை' கல்லூரிக்குச் சொந்தம், அதை யாருக்குக் கொடுப்பது, எப்படி மாற்றுவது எல்லாம் அவர்கள் முடிவு. நீ பேனாவை வாங்கவில்லை. "படிச்சுட்டு நாளைக்குப் போடறேன் சார்," என்றாய்.

அங்கேதான் நான் குறுக்கே வந்தேன். "சார் வூடு தேடி வந்துகீறாரு. இன்னா படிக்கப் போற? போடு," என்றேன். நீ என்னைப் பார்த்தாய். "நைனா, ஒரே ஒரு நாள்," என்றாய். நான் குரலை உயர்த்தினேன். "காலேஜு மேலயே சந்தேகப்படுவியா? ஒன்ன நம்பி வந்தவர நிக்க வெச்சிக்கினு!" என்றேன். நீ போட்டாய். உன் வாழ்க்கையில் நீ சரியாகத் தயங்கிய இடத்தில் உன்னைக் கெடுத்தவன் நான். சால்வைக்கு நான் தகுதியானவன் இல்லை என்பதற்கு அது ஒன்றே போதும்.

முதலில் உன் குரலை எடுத்தார்கள். 'கீது' என்பது நாகரிகமாக இல்லையாம். அதற்குப் பதிலாக ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். பீகார்க்காரர்களுக்கும் புரியவில்லை, எங்களுக்கும் புரியவில்லை. அப்புறம் பட்டன் போனை எடுத்தார்கள். ஸ்மார்ட் போன் வைத்திருப்பவன்தான் உள்ளே வரலாம் என்று ஆனது. பிறகு 'வரிசை'யை எங்கள் யார்டுக்காரர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். ஒப்பந்தம் கையெழுத்தான படம் பேப்பரில் வந்தபோது நானும் அதை வெட்டி பீரோவில் ஒட்டினேன். நாலு மாதம் கழித்துக் கிழித்தேன்.

யார்டுக்காரர்களுக்கு நாங்கள் சாப்பிட வேண்டும் என்ற கவலை இல்லை. கேட் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை. அதனால் மைதானத்தில் நிறுத்துவது போனது. வண்டி வரிசையிலேயே நிற்க வேண்டும், ஓட்டுநர் வண்டியிலேயே இருக்க வேண்டும். எஞ்சின் அணைந்து, போன் வண்டியை விட்டு விலகி, பதினைந்து நிமிஷம் ஆனால் அவன் பெயர் தானாகக் கடைசிக்குப் போய்விடும். மூன்று முறை போனால் ஒரு மாதத்துக்கு கேட் பாஸ் கிடையாது. ஒன்று நன்றாக யோசித்துப் பார். முன்பு நான் இறங்கினால் பின்னால் நிற்கிறவன்தான் என் இடத்தைப் பிடிப்பான். அவனிடம் கெஞ்சலாம், "மாமு, ரெண்டு நிமிசம் பாத்துக்க," என்று சொல்லலாம், அவனும் மனிதன்தான். இப்போது யாரிடம் கெஞ்சுவது?

ஜோசப் அண்ணன் இரண்டு தடவை சாப்பிட இறங்கி இரண்டு தடவையும் கடைசிக்குப் போனார். மூன்றாவது தடவைக்குப் பயந்து அன்று காலையிலிருந்து இறங்கவே இல்லை. பதினோரு மணி இருக்கும். அவர் வண்டி நகரவில்லை என்று பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் நாலு வண்டி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். ஹாரன் நிற்காமல் போகவே இறங்கி ஓடினேன். கேபினில் ஏறிப் பார்த்தால் ஸ்டியரிங்கில் தலை சாய்ந்து கிடக்கிறார். சர்க்கரை இறங்கி நினைவு தப்பிவிட்டது. டேஷ்போர்டில் அவர் போன் பேசிக்கொண்டிருந்தது, அந்த ஆங்கிலக் குரலில். ஓட்டுநர் குறித்த நேரத்தில் நகராததால் அவர் கடைசிக்கு மாற்றப்படுகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தது. வாயில் நுரையோடு கிடக்கிற மனுஷனிடம்தான் அதைச் சொன்னது, மேகலா. நான் அவரைத் தூக்குவதா, அந்தப் போனை எடுத்து உடைப்பதா என்று தெரியாமல் ஒரு கணம் நின்றேன்.

அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் மயங்கி விழுந்தவர் என்று பெயர் வந்துவிட்டதால் எந்த முதலாளியும் வண்டி கொடுக்கவில்லை. இப்போது கல்மண்டபத்தில் ஒரு குடியிருப்புக்கு வாட்ச்மேன். நான் அவர் எதிரில் போய் நிற்கவே கூசினேன். அவர்தான், "இன்னாடா, பொண்ணு நல்லா கீதா?" என்று கேட்டார். இன்றைக்கும் அவருக்கு நீ நம்ம பொண்ணுதான்.

அவர் மயங்கி விழுந்ததற்கு அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு உன் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். இது உனக்குத் தெரியாது. உட்காரும் மெத்தைகள் கலர் கலராகக் கிடந்த ஒரு ஹாலில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். சுவர் முழுக்க வித்தியாசமாக யோசி, தைரியமாகத் தோற்றுப் போ என்றெல்லாம் எழுதியிருந்தது. தோற்றுப் போனது யார் என்று கேட்கத்தான் நான் போயிருந்தேன். டைரக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "நாங்க டெக்னாலஜி குடுக்கறோம் சார். அத எப்படி யூஸ் பண்றாங்கங்கறது கிளையண்ட்டோட விஷயம்," என்றார். "அந்தப் பதினஞ்சி நிமிசத்த எவன் சார் கண்டுபிட்ச்சான்? அவன் மூஞ்ச நான் பாக்கணும்," என்றேன். அவர், "அந்த மாட்யூல் மேகலா எழுதினது சார். கடைசி வருஷ இன்டர்ன்ஷிப்ல. ரொம்ப அழகா எழுதியிருந்தா. ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் மாதவரம் தாண்டும்வரை எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எஞ்சின் அணைந்ததா என்று பார்க்கவும், ஓட்டுநர் எத்தனை அடி விலகியிருக்கிறார் என்று அளக்கவும் என் கேபினில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவள் நீ. எங்களுக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்தவள் அந்த இடத்திலேயே கை வைத்திருக்கிறாய். அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்து கேட்டேன். "அவங்க கேட்டாங்க நைனா, செஞ்சேன். எதுக்குன்னு முழுசா சொல்லல," என்றாய். அப்புறம் உன்னிடமிருந்து சத்தமே இல்லை. உனக்குத் தெரிந்திருக்கிறது. ஓரளவாவது தெரிந்திருக்கிறது. ஆறு மாதம் நான் உன்னோடு பேசாமல் இருந்ததற்கு அந்தச் சத்தமில்லாத நேரம்தான் காரணம்.

ஆனால் அந்த ஆறு மாதத்தில் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதை எழுதாமல் விட்டால் நான் அயோக்கியன். இன்டர்ன்ஷிப் சமயத்தில் ஒரு பகலில் நீ என்னைக் கூப்பிட்டாய். நான் வரிசையில் இருந்தேன், பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். "நைனா, இங்க ஒரு மாதிரி கேக்கறாங்க. டிரைவர் வண்டில கீறாரா இல்லையான்னு பாக்கணுமாம். எனக்குப் புடிக்கல," என்றாய். நான் என்ன சொன்னேன் என்பதும் நினைவிருக்கிறது. "சொல்றத செய்துட்டு வா. வம்பு பண்ணிக்கினு வேலய வுட்ராத," என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டேன். நீ இரண்டு தடவை தயங்கினாய். இரண்டு தடவையும் உன் முதுகில் கை வைத்துத் தள்ளியவன் நான். ஆனாலும் எழுதியது உன் விரல். என் தப்பு உன் தப்பைக் கழுவாது. எனக்கு வயது ஐம்பத்து நாலு, இதைப் புரிந்துகொள்ள இவ்வளவு நாள் ஆயிற்று. நீ முப்பதுக்குள் புரிந்துகொள். யார் உன்னிடம் எதைச் செய்யச் சொன்னாலும், அப்பனே சொன்னாலும், அது யார் தலையில் போய் இறங்கும் என்று கேள். பதில் சொல்லாதவனுக்கு வேலை செய்யாதே.

படைப்பாற்றல் என்று அழைப்பிதழில் அத்தனை இடத்தில் போட்டிருக்கிறார்களே, போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். உன் அம்மா வஞ்சிரம் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் வழக்கம்போல் புலம்பிக்கொண்டிருந்தேன். அவள் தலையைத் தூக்காமலே, "நீ ஒருத்தன் எறங்கினா ஒன்ன கடசில போடுவான். எல்லாரும் எறங்கினா எவனுக்குப் பின்னால எவனப் போடுவான்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுபோனது. ஆறாவதோடு நின்றவள், மாநகராட்சிப் பள்ளியில் ஆயா. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியே பாதி ஆயுள் போனவள்.

மறு வாரம் செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வரிசையில் இருந்த அத்தனை பேரும் எஞ்சினை அணைத்தோம். சாப்பாட்டுத் தூக்கோடு கீழே இறங்கி, நெட்டுக்குப்பம் பக்கம் கடலோரம் நடந்துபோய் உட்கார்ந்து சாப்பிட்டோம். பதினைந்து நிமிஷம் ஆனதும் ஒவ்வொரு போனாக அந்த ஆங்கிலக்காரி கத்த ஆரம்பித்தாள். எல்லாரையும் கடைசிக்கு அனுப்பினாள். கடைசிக்குப் போனவனுக்குப் பின்னால் இன்னொருவன், அவனுக்குப் பின்னால் அவனுக்கு முன்னால் இருந்தவன். யார் முதல் ஆள் என்றே கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போயிற்று. கேட் திறந்தபடி கிடக்கிறது, உள்ளே போக வண்டி இல்லை. யார்டு மேனேஜர் வெயிலில் ஓடி வந்தார். "யார்யா இதுக்கு லீடர்?" என்று கேட்டார். "சாப்ட்டுகினு கீறோம் சார், இருங்க," என்றான் ஒருத்தன். நான் வாழ்க்கையில் அவ்வளவு ருசியாகச் சாப்பிட்டதில்லை.

மூன்று மணி நேரம் கழித்து அந்த விதியை நிறுத்தி வைத்தார்கள். நிறுத்தித்தான் வைத்திருக்கிறார்கள், எடுக்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் மறுபடி ஓட விடலாம். ஜோசப் அண்ணனுக்கும் ஒரு வழியும் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு எங்களைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். யார்டுக்காரர்கள் வருவார்கள், உன் டைரக்டரும் வருவார். எங்கள் தரப்பில் விஷயம் தெரிந்த இஞ்சினியர் ஒருவரை அழைத்து வரலாம் என்றார்கள். சங்கத்தில் எல்லாரும் உன் பெயரைச் சொன்னார்கள். ஒருத்தன் மட்டும் கூடாது என்றான். அந்த ஒருத்தன் நான். "அவ வாணாம். அவ நம்மள வித்துட்டா," என்றேன். அன்றைக்கு வேலைக்குப் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்த ஜோசப் அண்ணன் என்னை அதட்டினார். "வாய மூட்றா. எழுதினது அந்தப் பொண்ணு. எந்த எடத்துல எடுக்கணும்னு அதுக்குத்தான் தெரியும். ஒன் கோவத்த ஒன் வூட்ல வெச்சிக்க." ஓட்டெடுத்தார்கள். நான் தோற்றேன்.

ஆகவே இது நான் கூப்பிடுவது இல்லை, அவர்கள் கூப்பிடுவது. என் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வராதே. ஆறவில்லை. கட்டடத் திறப்புக்கு நான் வரமாட்டேன். உன் அம்மா வருவாள், மகள் மேடையில் நிற்பதைப் பார்க்க அவளுக்கு ஆசை இருக்கிறது, நான் தடுக்கவில்லை. நீ என்ன பேச வேண்டும் என்றும் நான் சொல்லித்தரப் போவதில்லை. பீகார்க்காரத் தம்பிகளுக்காக இந்தக் கடிதத்தை இந்தியிலும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். இதைப் படிக்கும் எல்லாருக்கும் நீ யார் என்று தெரியும், நீ என்ன செய்தாய் என்றும் தெரியும்.

ஒன்பதாம் தேதி வருகிறாயா இல்லையா என்று மட்டும் எழுது. வந்தால், நீ எதை எழுதினாய், யார் சொல்லி எழுதினாய், அதை எப்படி வேரோடு எடுப்பது என்று எல்லார் முன்னிலும் சொல்ல வேண்டும். உன் டைரக்டர் தன் பக்கத்தில் உனக்கு இடம் போட்டு வைத்திருப்பார். அங்கே உட்காராதே. எங்கள் பக்கம் ஆட்கள் அதிகம், நாற்காலி குறைவாகத்தான் இருக்கும். இல்லையென்றால் நின்றுகொண்டு பேசு.

அப்பா